புகையும் புழுதியும்: செய்மதிக் காட்சியும் அனுமானமும்

நம் முன்னோர் வகுத்த அளவை நூல்களிலே அனுமானத்தை விளக்கப் புகுந்த ஆசிரியர் புகையைத் துணைக்கொள்ளாது விட்டது அரிது. தூரத்தே ஒரு மலையிற் புகை எழுதலைக் காண்கின்றோம். அடுக்களையிற் புகையும் நெருப்பும் ஒருங்கிருத்தலை முன்னரே அறிந்துள்ளோம். ஆதலின் அம்மலையில் நெருப்பு உண்டெனத் துணிகின்றோம். தருக்கம் பயிலத் தொடங்கும் மாணவன் முதன்முதற் கேட்கும் எடுத்துக்காட்டு இதுவே. இதனோடு ஓர் எச்சரிக்கையையும் அவ்வாசிரியர்கள் சேர்த்தே வைத்தனர். எதிரே தோன்றுவது புகையோ, ஆவியோ, பனியோ என்னும் ஐயம் நீங்குமுன்னர் அதனைப் புகையெனவே கொண்டு நெருப்புண்டெனச் சாதிப்பது ஏதுப்போலியாகும் என்றனர். மணிமேகலையில் தவத்திறம் பூண்டு தருமங் கேட்ட காதையிலே இவ்வழுவும் எண்ணப்பட்டிருத்தல் காணலாம்.

இவ்வெச்சரிக்கை இன்று புதியதொரு பொருள் பெற்றுள்ளது. காட்டுத்தீயின் புகையும் பாலைவனத்தின் புழுதியும் கண்டம் விட்டுக் கண்டம் தாவிச் செல்வதை வானிலே சுழலும் செய்மதிகள் நாள்தோறும் படம்பிடிக்கின்றன. அப்படங்களைச் செய்தித்தாள்களிற் காணும் நாம், புகையைக் கண்ணாற் கண்டுவிட்டோம் என்றே எண்ணுகின்றோம். உண்மை அதுவன்று. செய்மதி காண்பது ஒளியை மட்டுமே. அவ்வொளி புகையினின்று வந்ததா, முகிலினின்று வந்ததா, வெண்மணலினின்று வந்ததா என்பது அனுமானத்தாற் பெறப்படுவது. அவ்வனுமானம் எவ்வாறு நிகழ்கின்றது, அஃது எவ்விடத்து வழுவுகின்றது, அவ்வழு மனிதர்தம் மூச்சோடு எவ்வாறு தொடர்புறுகின்றது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செய்மதிக்கு முன்

காற்றிலே தூசு நெடுந்தூரம் செல்லும் என்பது செய்மதிகள் தோன்றியபின் அறியப்பட்டதன்று. 1832ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே, பீகிள் என்னுங் கப்பல் ஆபிரிக்காவுக்கு மேற்கேயுள்ள கேப் வேர்ட் தீவுகளை அணுகியபொழுது, பாய்மர உச்சியிலிருந்த காற்றுத்திசைகாட்டியின் வலைத்துணியிற் படிந்த கபில நிறத் தூசைச் சார்ள்ஸ் டார்வின் சிறிது சேர்த்துவைத்தார். ஜேர்மானிய அறிஞரான ஏரன்பேர்க் அதனை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள் அதில் நிறைந்திருத்தலைக் கண்டார். வியப்பு யாதெனின், ஆபிரிக்காவுக்கே உரியனவென அவர் அறிந்திருந்த நுண்ணுயிர்களுள் ஒன்றேனும் அத்தூசிற் காணப்படவில்லை; தென்னமெரிக்காவுக்கு உரியனவென அவர் கருதியிருந்த இரண்டு இனங்களோ காணப்பட்டன. எனினும் காற்று வீசிய திசையையும், எம்மாதங்களில் தூசு மிகுதியாக விழுகின்றது என்பதையும் நோக்கிய டார்வின், அத்தூசு ஆபிரிக்காவினின்றே வந்ததெனத் துணிந்தார். ஒரே பொருளைப் பற்றி இரண்டு ஏதுக்கள் மாறுபட்டவிடத்து எதனைக் கொள்வது என்னும் வினா இத்துறையின் தொடக்கத்திலேயே எழுந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது.

1965ஆம் ஆண்டு தொடக்கம் யோசேப் புரொஸ்பெரோ முதலிய ஆய்வாளர் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய பார்படோஸிலே, கடலைக் கடந்து வரும் சகாராத் தூசை அளக்கத் தொடங்கினர். ஆயினும், கப்பலும் தீவும் தாம் நிற்கும் ஓரிடத்துக் காற்றையே அறிவன. தூசுப்படலம் எவ்வளவு அகன்றது, எங்குத் தொடங்கி எங்கு முடிவது என்பனவற்றை அறிய மேலிருந்து நோக்கும் ஒரு கண் வேண்டியிருந்தது. 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி ஏவப்பட்ட தைரொஸ் 1 என்னும் வானிலைச் செய்மதியோடு அக்கண் திறந்தது.

ஒளியைக் கொண்டு பொருளை அறிதல்

செய்மதிக் கருவிகள் ஞாயிற்றொளியைப் பல அலைநீளப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் செறிவையும் தனித்தனியே அளக்கின்றன. 1999இல் ஏவப்பட்ட தெரா, 2002இல் ஏவப்பட்ட அக்குவா ஆகிய செய்மதிகளிற் பொருத்தப்பட்ட மோடிஸ் என்னுங் கருவியை எடுத்துக்கொள்வோம். அது 36 பட்டைகளில் அளப்பது. ஏறத்தாழ 705 கிலோமீற்றர் உயரத்தினின்று 2330 கிலோமீற்றர் அகலமான நிலப்பரப்பை ஒரே வீச்சில் நோக்குமாறு அமைக்கப்பட்டது. 

இங்கே பழைய எடுத்துக்காட்டுத் தலைகீழாகின்றது. அளவை நூலாருக்குப் புகை காட்சி, நெருப்பு அனுமானம். செய்மதிக்கோ நெருப்பை அறிதல் எளிது. புகையை அறிதலே கடினம். இதன் காரணம் பௌதிகம் பயிலும் மாணவர் அறிந்ததே. ஒரு பொருள் எவ்வளவு வெப்பமுடையதோ அவ்வளவுக்கு அது மிகுதியாக வெளிவிடும் கதிரின் அலைநீளம் குறுகும் என்பது வீன் என்பாரின் விதி. சாதாரண வெப்பநிலையிலுள்ள நிலம் 10 மைக்கிரோமீற்றரை அண்டிய செங்கீழ்க் கதிர்களையே மிகுதியாக வெளிவிடுகின்றது. கொழுந்துவிட்டெரியும் காடோ 3 அல்லது 4 மைக்கிரோமீற்றர் அளவிற் பேரொளி வீசுகின்றது. ஆகவே 4 மைக்கிரோமீற்றர்ப் பட்டையில் நோக்கும்பொழுது, சுற்றுநிலம் மங்கியிருக்க, தீ மட்டும் விளக்கெனத் தோன்றும். படத்தின் ஒரு புள்ளிக்குள் மிகச் சிறு பகுதியே எரியினும் அஃது அகப்பட்டுவிடும்.

புகையின் நிலை வேறு. அதன் துணிக்கைகள் பெரும்பாலும் ஒரு மைக்கிரோமீற்றருக்குங் குறைந்தவை. அவை நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்யும். நீண்ட அலைகளைத் தடையின்றிப் போகவிடும். ஆதலின் கட்புலனாகும் ஒளியிலே சாம்பல் நிறப் போர்வையாகத் தோன்றும் புகை, 2 மைக்கிரோமீற்றரை அண்டிய பட்டையில் ஏறத்தாழ மறைந்தே போகும். பாலைவனத் தூசின் துணிக்கைகள் இவற்றினும் பருமனானவை. எனவே நீண்ட அலைகளையுந் தடுக்கும். ஒரு பட்டையிற் காணப்படும் போர்வை மற்றொரு பட்டையிற் காணப்படுகின்றதா என்று ஒப்புநோக்குதலே புகையையும் புழுதியையும் வேறுபடுத்தும் முதல் வழியாகும்.

படலத்தின் அடர்த்தியைக் கூற ஆய்வாளர் ஒளியியல் தடிப்பு என்னும் எண்ணை வழங்குவர். அவ்வெண் 1 ஆயின், தலைக்கு மேலுள்ள ஞாயிற்றின் நேரொளியில் நூற்றுக்கு 37 பங்கே துணிக்கைகளைக் கடந்து நிலத்தை அடையும். 3 ஆயின் நூற்றுக்கு 5 பங்கே அடையும். தூய வானில் இவ்வெண் 0.1 அளவினதாகவோ அதனினுங் குறைந்ததாகவோ இருக்கும்.

ஏதுப்போலிகள்

இனி, இவ்வனுமானத்தை வழுப்படுத்துவனவற்றை நோக்குவாம். முதலாவது முகில். பஞ்சுபோன்ற மெல்லிய உயர்முகிலும் தூசுப் படலமும் படத்திலே ஒரேமாதிரித் தோன்றக்கூடும். இவற்றைப் பிரித்தறிய ஆய்வாளர் செங்கீழ்க் கதிரிலே மிக நுட்பமானதொரு சோதனையைக் கண்டனர். மணற்றூசிலுள்ள சிலிக்கேற்றுக்கள் 12 மைக்கிரோமீற்றர்க் கதிரைவிட 11 மைக்கிரோமீற்றர்க் கதிரை மிகுதியாக உறிஞ்சுவன. பனிக்கட்டி முகிலோ இதற்கு மாறாக 12 மைக்கிரோமீற்றர்க் கதிரையே மிகுதியாக உறிஞ்சும். எனவே இரு பட்டைகளும் காட்டும் வெப்பநிலைகளை ஒன்றினின்றொன்று கழித்தால், தூசுக்கு ஒரு குறியும் முகிலுக்கு எதிர்க் குறியும் கிடைக்கும். ஐரோப்பிய மீற்றியோசற் செய்மதிப் படங்களிலே தூசு இளஞ்சிவப்பாகக் காட்டப்படுவது இக்கழித்தலின் பயனேயன்றி, தூசின் உண்மை நிறமன்று.

இரண்டாவது, அடியிலுள்ள நிலம். கருங்கடலின் மேற் செல்லும் தூசு தெளிவாகப் புலப்படும். ஆனால் தூசு பிறக்குமிடமோ வெண்மணற் பாலை. வெண்சுவரின்மேற் சுண்ணாம்புக் கோடு இட்டாற்போல அங்கே அது மறைந்துவிடும். நீல ஒளியிலே பாலை நிலம் ஒப்பளவிற் கருமையாகத் தோன்றுவதைப் பயன்படுத்தி, 2004ஆம் ஆண்டளவில் நாசா ஆய்வாளர் ஒரு கணிப்பு முறையை வகுத்தனர். அதன் துணையால் புழுதி எழும் இடங்களையே செய்மதியால் அளவிடுதல் எளிதாயிற்று.

மூன்றாவது போலி மிக நுண்ணியது. 1978இல் ஏவப்பட்ட நிம்பஸ் 7 என்னுஞ் செய்மதியில் ஓசோன் வாயுவை அளப்பதற்கென ஊதாக்கடந்த ஒளிக் கருவியொன்று இருந்தது. புகையும் தூசும் அவ்வொளியை உறிஞ்சுவதனால் அக்கருவியின் பதிவுகளில் அவற்றின் தடமும் விழுந்திருத்தலைப் பின்வந்தோர் கண்டனர். ஒன்றை அளக்கச் சென்ற கருவி மற்றொன்றின் வரலாற்றையுங் காத்துவைத்தது. ஆனால் அம்முறையிற் பெறும் எண், படலத்தின் அடர்த்தியை மட்டுமன்றி அதன் உயரத்தையும் பொறுத்தது. உயரத்தே நிற்கும் மெல்லிய படலமும், தாழ நிற்கும் அடர்ந்த படலமும் ஒரே எண்ணைத் தரக்கூடும். இவ்வையம் ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உரியதன்று. கீழே வாழும் மக்களின் நலமே அதில் அடங்கியுள்ளது.

உயரமே உயிர்நாடி

நியூயோர்க் நகரின் இரண்டு அனுபவங்கள் இதனைத் தெளிவாக்கும். 2020ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகள் எரிந்தபொழுது, அப்புகை கண்டத்தைக் கடந்து கிழக்குக் கரையை அடைந்தது. வானம் பால்போல் மங்கிற்று. ஞாயிறு ஒளி குன்றித் தோன்றிற்று. ஆயினும் புகை வெகு உயரத்தே சென்றமையால் நிலமட்டக் காற்று பெரிதும் கெடவில்லை. 2023ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் திகதி, கனடாவின் கியூபெக் மாகாணக் காட்டுத்தீயின் புகை அதே நகரை அடைந்தபொழுதோ அது நிலத்தோடு ஒட்டி வந்தது. நண்பகலிலும் வானம் செம்மஞ்சளாயிற்று. மூச்சுவிடுதற்கே தீங்கான காற்று நகரை மூடிற்று. மேலிருந்து நோக்கும் படத்தில் இரண்டும் புகைப் படலங்களே. கீழிருந்து மூச்சுவிடும் குழந்தைக்கோ அவ்விரண்டும் இரு வேறு நாட்கள்.

உயரத்தை அளக்கும் பொருட்டு 2006ஆம் ஆண்டு கலிப்சோ என்னுஞ் செய்மதி ஏவப்பட்டது. அது ஞாயிற்றொளியை எதிர்பாராது, தானே லேசர்க் கதிரைக் கீழ்நோக்கிச் செலுத்தி, துணிக்கைகளிற் பட்டுத் திரும்பும் ஒளி எத்துணைக் காலந்தாழ்த்து வருகின்றதெனக் கணித்தது. கிணற்றில் விட்ட கயிறு நீர்மட்டத்தைக் காட்டுவதுபோல அக்கதிர் படலத்தின் மட்டத்தைக் காட்டிற்று. குறை யாதெனின், அது தன் பாதைக்கு நேர்கீழேயுள்ள ஒடுங்கிய கோட்டை மட்டுமே அறிந்தது. மோடிஸ் நெய்த அகன்ற துணியில் கலிப்சோ ஓர் இழையே. 2023ஆம் ஆண்டு கலிப்சோவின் பணி நிறைவுற்றது. 2024ஆம் ஆண்டு மே மாதம் ஐரோப்பாவும் ஜப்பானும் கூடி ஏவிய ஏர்த்கெயார் என்னுஞ் செய்மதி லேசர் அளவீட்டைத் தொடரும் கருவியைத் தாங்கிச் சென்றது.

உயரம் எத்துணை வியப்பான விளைவுகளைத் தரும் என்பதற்கு அவுஸ்திரேலியாவில் 2019ஆம் ஆண்டு இறுதியிலும் 2020ஆம் ஆண்டு தொடக்கத்திலும் மூண்ட பெருந்தீ சான்றாகும். தீயின் வெம்மையால் இடிமுகில்களே உருவாகிப் புகையை மாறன்மண்டலத்தைக் கடந்து படைமண்டலத்துட் செலுத்தின. ஜனவரி முதல் வாரத்தில் நியூசிலாந்தின் வானம் செம்மஞ்சளாயிற்று. சில நாட்களிற் புகை பசுபிக் சமுத்திரத்தைக் கடந்து சிலியையும் ஆர்ஜென்ரீனாவையும் அடைந்தது. உயரத்தே சென்ற புகையின் ஒரு பகுதி, அதிலுள்ள கருங்காபன் ஞாயிற்றொளியை உறிஞ்சிச் சூடேறியமையால், மேலும் மேலும் உயர்ந்தது. ஏறத்தாழ 1000 கிலோமீற்றர் விட்டமுள்ள சுழலாகத் திரண்டு, இரண்டு மாதங்களுக்கு மேல் கலையாது நின்று, 35 கிலோமீற்றர் உயரம் வரை அஃது எழுந்ததைச் செய்மதிகள் பின்தொடர்ந்தன.

அச்சுழல் விஞ்ஞானிகளுக்குப் பெருவிருந்து. ஆனால் மக்களைக் கொன்றது அதுவன்று. நிலமட்டத்திலே தங்கிய புகையே கொன்றது. அத்தீயில் நேரடியாக இறந்தோர் 33 பேர். கிழக்கு அவுஸ்திரேலியாவிற் புகையினால் மிகுதியாக நேர்ந்த இறப்புகள் 417 என 2020இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. தீயின் கொழுந்தைக் காட்டிலும் அதன் நிழல் பன்மடங்கு கொடியதாயிற்று. இவ்வெண்ணைச் செய்மதிப் படங்கள் மட்டும் தந்திரா. ஊர்தோறும் நிறுவப்பட்ட நிலமட்டக் கருவிகளின் நாளாந்த அளவைகளைக் கொண்டே அது கணிக்கப்பட்டது.

பாலையிலிருந்து பெருங்காட்டுக்கு

தூசு தீமையே செய்வதென எண்ணுதலும் பொருந்தாது. ஆபிரிக்காவிலே சாட் நாட்டில், திபெஸ்தி, என்னெடி மலைகளின் இடைவெளியினூடு காற்று விரைந்து பாயும் பொடேலே என்னும் பள்ளம் உண்டு. அது தொன்மையான பேரேரியொன்றின் வற்றிய படுக்கை. டார்வினின் தூசிற் காணப்பட்டவற்றையொத்த நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள் அங்கே வெண்புழுதியாகக் குவிந்துள்ளன. அங்கிருந்தும் சகாராவின் பிற பகுதிகளிலிருந்தும் எழும் தூசு அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமேசன் காட்டை அடைகின்றது.

கலிப்சோ 2007 முதல் 2013 வரை திரட்டிய அளவைகளைக் கொண்டு, ஆண்டுதோறும் சராசரியாக 182 மில்லியன் தொன் தூசு ஆபிரிக்கக் கரையை நீங்குகின்றது என்றும், அதில் 27.7 மில்லியன் தொன் அமேசன் வடிநிலத்தில் விழுகின்றது என்றும் 2015ஆம் ஆண்டு நாசா ஆய்வாளர் கணித்தனர். அத்தூசோடு சேரும் பொசுபரசு ஏறத்தாழ 22,000 தொன் என்றும், மழையும் வெள்ளமும் அக்காட்டினின்று கழுவிச் செல்லும் பொசுபரசுக்கு அது நிகர் என்றும் அவர் கூறினர். ஒரு பாலைவனம் ஒரு பெருங்காட்டுக்கு உரமிடுகின்றது என்னும் இச்செய்தி உலகெங்கும் பரவிற்று.

ஆயின் கதை அவ்வளவில் முடியவில்லை. பிரெஞ்சுக் கயானாவிலே காற்றை வடிகட்டிச் சேகரித்த துணிக்கைகளை ஆராய்ந்தோர், 2019ஆம் ஆண்டு வேறொன்றைக் கூறினர். அமேசன் காட்டை அடையும் பொசுபரசிற் கணிசமான பங்கு தூசினின்றன்று, ஆபிரிக்கப் புல்வெளிகளும் காடுகளும் எரிதலால் எழும் புகையினின்று வருவது என்பதும், அது நீரில் எளிதிற் கரைவதாதலின் தாவரங்களுக்கு விரைந்து பயன்படுவது என்பதும் அவர்தம் முடிபு. செய்மதியின் கணக்குப் பொய்யாகவில்லை. அது தூசின் நிறையைக் கூறிற்று. அத்தூசின் பயன் யாது என்பதைக் கூற, கையிலே எடுத்து ஆராயும் இரசாயனம் வேண்டியிருந்தது. டார்வினின் வலைத்துணி இன்றும் வேண்டப்படுகின்றது என்க.

நமக்கு உரியது

நம் நாடு பெரும் பாலைவனமோ கனடாவைப்போற் பரந்த காடோ உடையதன்று. ஆயினும் காற்றுக்கு எல்லைக்கோடு இல்லை. 2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் உருவான நாட்களில், யாழ்ப்பாணம் உட்பட இலங்கையின் பல பகுதிகளிற் காற்றின் தூய்மை பெரிதுங் குன்றிற்று. இந்தியத் துணைக்கண்டத்தினின்று காற்றோடு வந்த மாசே காரணமெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. அம்மாதம் 9ஆந் திகதி அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன.

இந்நிகழ்ச்சியிற் கற்கவேண்டியது ஒன்றுண்டு. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேதான் துணைக்கண்டத்துக் காற்று நம்மை நோக்கி வீசுகின்றது. அக்காலத்திலேயே நம் வானம் பெரும்பாலும் முகில் மூடிக் கிடக்கின்றது. முகிலுக்குக் கீழேயுள்ள துணிக்கைகளை ஞாயிற்றொளியால் அளக்கும் எந்தச் செய்மதியும் காணமாட்டாது. ஆகவே செய்மதிக் கண் நமக்கு மிகவும் வேண்டப்படும் வேளையிலே அது பெரும்பாலும் மூடியிருக்கின்றது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டலின்படி, 2.5 மைக்கிரோமீற்றருக்கு மேற்படாத நுண்டுணிக்கைகள் ஒரு கன மீற்றர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது. அவ்வரம்பு நம் ஊரிற் கடக்கப்பட்டதா என்பதை நிலமட்டக் கருவியே உறுதியாகச் சொல்ல வல்லது. வடமாகாணத்திலே அத்தகைய கருவிகள் இடையறாது இயங்குதல் ஆடம்பரமன்று. நெஞ்சு நோயுடையார்க்கும் முதியோர்க்கும் சிறுவர்க்கும் அது காவலாகும்.

மாணவர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. நாள்தோறும் காலையில் ஒரே இடத்தினின்று, தூரத்தேயுள்ள கோபுரமோ பனந்தோப்போ தெளிவாகத் தெரிகின்றதா, ஞாயிறு எந்நிறத்தோடு எழுகின்றது, காற்று எத்திசையினின்று வீசுகின்றது என்று ஓர் ஏட்டிற் குறித்துவருவாராயின், சில ஆண்டுகளில் அவ்வேடு பயனுள்ளதோர் ஆவணமாகும். செய்மதிப் படத்தை அதனோடு ஒப்பிட்டு நோக்குபவன் படத்தை நம்பவும் அறிவான், ஐயுறவும் அறிவான்.

காண்டல், கருதல், உரை என அளவைகளை முறைப்படுத்திய நம் ஆசிரியர், ஒன்று மற்றொன்றுக்குத் துணையாதலையும் வற்புறுத்தினர். செய்மதி தருவது கருதலுக்குரிய ஏது. நிலத்திலே நின்று அளப்பது காண்டல். இவ்விரண்டும் பொருந்தியவிடத்து எழும் எச்சரிக்கையே மக்கள் நம்பத்தக்க உரை. 36 பட்டைகளில் ஒளியை அளந்தாலும், புகையோ பனியோ என்னும் அப்பழைய ஐயத்தைத் தீர்த்த பின்னரே நெருப்பைப் பற்றிப் பேசுதல் முறையாகும்.